நெல் நாட்டுக்கு ஒரு பூட்டு

பினாங்கிலிருந்து கிளம்பும்போது என் பையில் ஒரு பாலர் பள்ளியே இருந்தது. சோப்புக் குமிழி ஊதும் டப்பா, மரக்கட்டைகள், கையை நுழைத்து ஆட்டும் துணிப்பொம்மை, கட்டுக் கட்டாகப் பட அட்டைகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பூட்டு. விமான நிலையத்தில் பையைக் கிளறிய அதிகாரி அந்தப் பூட்டைத் தூக்கிக் காட்டி, "இது எந்தப் பொம்மைக்கு?" என்று மலாயில் கேட்டார். சிரித்து வைத்தேன். விளக்கப் போனால் விமானம் போயிருக்கும்.

குழந்தைகளோடு விளையாடிச் சம்பளம் வாங்குகிறவள் நான். பேச்சும் பழக்கவழக்கமும் தாமதமாகிற சிறு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். சில வருடங்களாக ஓர் ஆய்வில் இருக்கிறேன். அபூர்வமான ஒரு மரபணுக் குறையோடு பிறந்த குழந்தைகளைப் பற்றியது. ஓர் ஊரில் அப்படி ஒரு பிள்ளை கிடைப்பதே அரிது என்பதால், பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் வீடுகளை வீடியோ அழைப்பில் சேர்த்துப் பிடித்திருக்கிறோம். தமிழ் பேசும் வீடுகள் என் பங்கு.

அந்தக் குறைக்குத் தமிழில் பெயர் கிடையாது. குழந்தை பிறக்கும்போதே துவண்டு கிடக்கும். பால் உறிஞ்சத் தெம்பு இருக்காது. மூக்கில் குழாய் போட்டுத்தான் பால் இறக்க வேண்டும். பெற்றவர்கள் ஒவ்வொரு சொட்டுக்கும் தவம் கிடப்பார்கள். பிறகு ஒரு நாள் எல்லாம் தலைகீழாகும். பசி வரும், வந்த பசி போகாது. வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேராது. விட்டால் வயிறு கிழிகிற வரைக்கும் சாப்பிடும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பசியை அடியோடு போக்க வழி இல்லை. சமையலறையைப் பூட்டத்தான் வேண்டும்.

பசி வருவதற்கு முன்பே, விளையாட்டோடு விளையாட்டாகச் சில பழக்கங்களை ஊன்றிவிட முடியுமா என்பதுதான் எங்கள் ஆய்வு. கேட்கத் தெரிவது, காத்திருக்கத் தெரிவது, 'இல்லை' என்ற சொல்லைத் தாங்கத் தெரிவது. அப்படிச் செய்தால் பின்னால் அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கை கொஞ்சம் இலகுவாகலாம் என்று நம்புகிறோம். நம்பிக்கைதான், இன்னும் நிரூபணம் இல்லை.

அகிலனுக்கு மூன்று வயது. திருவிடைமருதூரிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம். ஒரு வருடத்துக்கு மேல் அவனைத் திரையில் மட்டுமே பார்த்திருந்தேன். நேரில் பார்த்து, அவன் எவ்வளவு முன்னேறியிருக்கிறான் என்று சோதித்து வருவதற்காகத்தான் இந்தப் பயணம்.

கும்பகோணத்தில் பஸ் ஏறும்போதே கண்டக்டர் என் பையைப் பிடுங்கிக்கொண்டு போய் எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். தை மாதம், சம்பா அறுவடை. வாய்க்கால் பாலத்தில் ஓர் அறுவடை இயந்திரம் குறுக்கே நின்றுகொண்டு முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் அடம்பிடித்தது. பஸ்ஸில் ஒருவருக்கும் அவசரம் இல்லை. பினாங்கில் என்றால் இதற்குள் நாலு பேர் படம் பிடித்துப் புகார் அனுப்பியிருப்பார்கள். இங்கே ஒரு அம்மாள் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து எனக்கு முறுக்கு நீட்டினார். "பசிக்கும்ல, சாப்புடுங்க." நான் யார், எந்த ஊர் என்றெல்லாம் அதற்குப் பிறகுதான் கேட்டார்.

பின் இருக்கையில் வயல் வேலைக்கு வந்திருந்த வங்காள இளைஞர்கள் சிலர். அதில் ஒருவன் கைபேசியில் யாரோடோ திரும்பத் திரும்ப ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். கண்டக்டர் சிரித்தார். அவனுங்களோடு பழகி அந்த மொழி கொஞ்சம் பிடிபட்டிருக்கிறதாம்.

"அம்மாகிட்ட பேசுறான். 'சாப்புட்டேன் சாப்புட்டேன்'ங்கிறான். அந்தம்மா நம்ப மாட்டேங்குது போல."

இயந்திரம் நகர்ந்ததும் பஸ் விட்ட நேரத்தைப் பிடிக்கிற மாதிரி பறந்தது. என் நிறுத்தம் வந்தபோது மூன்று பேர் சேர்ந்து "எறங்குங்க, எறங்குங்க" என்று என்னைக் கிட்டத்தட்டத் தள்ளி இறக்கிவிட்டார்கள். பஸ் போய்ப் புழுதி அடங்கிய பிறகுதான் கையைப் பார்த்தேன். பை இல்லை. கைப்பை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

மோட்டார் சைக்கிளோடு காத்திருந்த அகிலனின் அப்பா இளங்கோ பதறவில்லை. குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைக்கிற ஆள். முப்பது சொச்சம் வயது, பேச்சு குறைவு. யாருக்கோ போன் போட்டார். "பை எங்கயும் போவாதுக்கா. மாயவரம் போயிட்டுத் திரும்பி வரும். நாளைக்கு இல்லன்னா நாளன்னைக்கு." பொம்மைகள் இல்லாமல் சோதனை நடத்த முடியாது. மீன்காரி கூடையைத் தொலைத்துவிட்டு ஊருக்குள் வந்தது போல அவருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

மாலதி வாசலுக்கு ஓடி வந்தாள். திரையில் அரைச் சாண் உயரமாய்ப் பழகியவள் என்னைவிட உயரம். கட்டிப்பிடிக்கலாமா கூடாதா என்று இருவருக்கும் குழப்பம். கையைப் பிடித்துக்கொண்டாள். வீடியோவில் 'மேடம்', நேரில் பார்த்ததும் 'அக்கா' ஆகிவிட்டேன். அவள் இடுப்பில் அகிலன். வெளுத்த முடி, பாதாம் பருப்பு போன்ற கண்கள், சின்னச் சின்ன விரல்கள். என்னை உற்றுப் பார்த்தான். பிறகு என் கைப்பையை உற்றுப் பார்த்தான்.

கூடத்துச் சுவரில், நான் சொல்லியிருந்தபடியே, அவன் கைக்கெட்டும் உயரத்தில் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. பந்து, குமிழி, மாடு, தண்ணீர், ஊஞ்சல், தட்டு. பேச்சு வராத பிள்ளை வேண்டியதைப் படமாக எடுத்து நம் கையில் கொடுத்துக் கேட்கலாம். மற்ற அட்டைகள் புதுசாக இருந்தன. தட்டு அட்டை மட்டும் முனை மழுங்கி, எண்ணெய் படிந்து கறுத்திருந்தது.

அந்த அட்டைக்கு ஒரு கதை உண்டு. அகிலன் முதன்முதலில் கொண்டு வந்து கொடுத்தது அதைத்தான். மாலதி அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கைதட்டினோம்.

"பொறந்ததுலேருந்து அவன் எதையுமே கேட்டதில்லக்கா. பாலுக்குக்கூட அழுவல. அன்னைக்குத்தான் மொத மொத எங்கிட்ட வந்து கேட்டான்" என்று மறுபடி சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கண் கலங்கும். எனக்கும்தான்.

பிறகு முகம் மலர்ந்து சொன்னாள். "இப்ப நல்லா சாப்புடுறான்க்கா. ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்புடுறான். கொழா வச்சிருந்தப்ப, இவன் வாயத் தொறந்து சாப்பிட்டா ஊருக்கே சோறு போடுறேன்னு மாரியம்மனுக்கு வேண்டியிருந்தேன். நாளன்னைக்குப் போடுறோம். நீங்க வந்த நேரம் பாருங்க."

எண்ணெய் படிந்த அந்தத் தட்டு அட்டையைத் திரும்பிப் பார்த்தேன். ஆய்வில் சேரும்போதே எல்லாவற்றையும் சொல்லித்தான் சேர்த்திருந்தோம். மாலதிக்குப் பசியைப் பற்றித் தெரியும். ஆனால் அது பேப்பரில் இருந்த பசி. கண் முன்னால் பிள்ளை கேட்டு வாங்கிச் சாப்பிடும்போது எந்தத் தாய்க்கு அது நோய் என்று தோன்றும்? எனக்கும் அன்றைக்குத் துணிவு வரவில்லை. நல்லபடியாகத் தேறிய பசியாகவும் இருக்கலாமே, சோதித்துவிட்டுச் சொல்வோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாலையில் இளங்கோ வெளியே கிளம்பினார். அடுக்களையிலிருந்து மாலதி குரல் கொடுத்தாள்.

"அரிசி நெறஞ்சிருக்கு. வரும்போது மூட்டையப் பிரிச்சு எடுத்துட்டு வாங்க."

அரிசி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மலேசியாவில் நான் வளர்ந்த கெடா ரப்பர் தோட்டத்து வீட்டிலும் அம்மா அப்படித்தான் சொல்வாள். அடுப்படியில் நின்றுகொண்டு அரிசி 'இல்லை' என்று சொன்னால் லட்சுமி கோபித்துக்கொண்டு போய்விடுவாள். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் பயிற்சியில் 'இல்லை' என்று ஒரு பாடம் உண்டு. தெளிவாக, ஒரே சொல்லில், மாற்றிச் சொல்லாமல் சொல்ல வேண்டும். 'அப்புறம்', 'பார்க்கலாம்' என்று இழுத்தால் இந்தப் பிள்ளைகள் தவித்துப் போவார்கள். மாலதி பந்துக்குச் செய்தாள், குமிழிக்குச் செய்தாள். சாப்பாட்டை வைத்துச் செய்யச் சொன்னால் மட்டும் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். இணையம் சரியில்லை என்றுகூடச் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் பை வரவில்லை. அது மாயவரத்திலிருந்து சீர்காழிக்குப் போய்விட்டதாகத் தகவல் வந்தது. பூட்டும் பொம்மைகளும் எனக்கு முன்னால் டெல்டாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தன. சும்மா உட்கார முடியாமல் இளங்கோவோடும் அகிலனோடும் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். வழி நெடுக தார்ச்சாலையின் பாதியில் நெல் காய்ந்தது. மோட்டார் சைக்கிள்கள் விலகிப் போயின, லாரி விலகிப் போனது, நாய்கூட ஓரமாக நடந்தது.

இளங்கோவின் நெல் குவியலாய்க் கிடந்தது, எடைக்கு முறை வரவேண்டும். தார்ப்பாயை விலக்கிக் கையளவு அள்ளி என்னிடம் காட்டி, ஈரப்பதம் எப்படிப் பார்ப்பார்கள் என்று விளக்கினார். நெல்லைப் பற்றி என்றால் பேச்சு வருகிறது மனுஷனுக்கு. நான் பல்லில் கடித்துப் பார்த்தேன். அவர் சிரித்தார். திரும்பிப் பார்த்தால் அகிலனைக் காணோம்.

குவியலின் மறுபக்கம் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கை மட்டும் போவதும் வருவதுமாக இருந்தது. குனிந்து பார்த்தேன். வாய் நிறைய நெல். உமியோடு மென்றுகொண்டிருந்தான். உதட்டோரம் கீறி லேசாக ரத்தம். அழவில்லை. நான் விரலை விட்டு வழித்தெடுக்க எடுக்க, இரண்டு கையாலும் அள்ளினான்.

"வெவசாயி மவன்ல, நெல்லயே திங்கிறான்" என்று சிரித்தபடி வந்த இளங்கோ என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இதான் அதாக்கா?"

"ஆமா இளங்கோ. ஆரம்பிச்சிருச்சுன்னுதான் தோணுது."

பிள்ளையைத் தூக்கித் துண்டால் வாயைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். "நாளைக்கு ஒரு நாள் போவட்டும்க்கா. சோறு போட்டு முடிச்சுக்கட்டும். அப்புறம் நானே சொல்றேன்." சரி என்றேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். பந்தியில் அவனுக்கு அளவாகத்தான் போட வேண்டும், அதை இளங்கோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். தலையாட்டினார்.

கோயில் வாசலில் பந்தல். டெல்டாக்காரர்களின் பந்தியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பினாங்கில் நாங்களும் சாப்பாட்டுக்குப் பிறந்தவர்கள்தான், ஆனால் அங்கே போதும் என்றால் போதும். இங்கே 'போதும்' என்பது மரியாதைக்குச் சொல்கிற சொல், யாரும் நம்புவதில்லை. இலைக்கு மேல் கையை விரித்துத் தடுத்தேன், விரல் இடுக்கு வழியாகச் சாம்பார் வந்தது. கதம்பச் சாம்பார், வெண்டைக்காய் வத்தக்குழம்பு, வாழைப்பூ வடை, பாசிப்பருப்புப் பாயசம். எல்லாம் அமிர்தம். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை.

நடு வரிசையில் தனி இலை போட்டு அகிலனை உட்கார வைத்திருந்தார்கள். ஊரே அவனைப் பார்க்க வந்திருந்தது. குழாயோடு பார்த்த பிள்ளை. ஆளாளுக்கு ஒரு வாய் ஊட்டினார்கள். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷக் கூச்சல். இளங்கோ பக்கத்தில்தான் நின்றார். "போதுங்க, போதுங்க" என்று அவர் சொன்னதை உபசாரம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அவருடைய அக்கா தனம், அதே தெருவில் இருப்பவர், பாயச வாளியோடு வந்து இலையிலேயே ஊற்றினார். "அப்பன் பேச்சக் கேக்காத. நீ சாப்புடுடா தங்கம்."

நான் எழுந்து போய்ப் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மத்தளம் மாதிரி இறுகியிருந்தது. அவன் வாய் இன்னும் திறந்தே இருந்தது. அந்த வயிற்றுக்கு என்ன ஆகலாம் என்று எனக்குத் தெரியும். வேறு வழி தெரியவில்லை. அவன் இலையை நான் மூடினேன்.

சாப்பிட்டு முடித்தவர்தான் தன் இலையை மூட வேண்டும். சாப்பிடுகிறவன் இலையை அடுத்தவர் மூடுவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று மலேசியாவில் பிறந்த எனக்கும் தெரியும்.

"சாப்புடுற புள்ள எலைய மூடுறீங்களே, நீங்க படிச்சவங்களா?" தனம் அக்கா பாயச வாளியை ணங்கென்று கீழே வைத்தார். அகிலன் மூடிய இலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து வீறிட்டான். மாலதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். இளங்கோ தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள்.

நல்ல வேளை, வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் அகிலன் தூங்கிய பிறகு கொல்லையில் பாத்திரங்களுக்கு நடுவே அவளோடு உட்கார்ந்திருந்தேன். நெல் தின்றதைச் சொன்னேன். இனி என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னேன். சட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். தேய்த்து முடித்த சட்டியையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வருஷமா இந்த வாய் தொறக்கணும்னு வேண்டுனேன்க்கா. இப்ப மூடணும்னு யார்கிட்ட போய் வேண்டுறது?"

பினாங்கில் என் வீட்டில் ஆய்வு அறிக்கைகள் அலமாரி நிறைய இருக்கின்றன. எதிலும் அதற்குப் பதில் இல்லை.

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் பை வந்து சேர்ந்தது. கண்டக்டரே இறங்கி வந்து கொடுத்தார். "சின்னப் புள்ள சாமானா இருந்துச்சா, பாவம் எந்தப் புள்ள தேடுதோன்னு நெனச்சோம்." தேநீர் வாங்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டு அவரே காசு கொடுத்துவிட்டார்.

அன்று முழுக்க அகிலனோடு விளையாடினேன். குமிழிக்குக் காத்திருந்தான். கட்டையை அடுக்கினான், என் முறைக்கு என்னிடம் நீட்டினான். துணிப்பொம்மைக்கு முத்தம் கொடுத்தான். குமிழி முடிந்தது என்று கையை விரித்தபோது, அவனும் சின்னக் கையை விரித்துக் காட்டினான். சோதனை என்று பார்த்தால் நாங்கள் எதிர்பார்த்ததற்கும் மேலே. எங்கள் அலுவலகத்துக்கு இந்தச் சேதியைச் சொன்னால் மறுபடி நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கைதட்டுவார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

கிளம்புகிற அன்று காலை, நான் கொண்டு வந்த பூட்டை மாட்ட இளங்கோ அடுக்களைக் கதவில் கொண்டி அடித்தார். சுத்தியல் சத்தம் கேட்டுத் தனம் அக்கா வந்தார். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. "சோத்துக்குப் பூட்டுப் போடுற வீடா இது?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். இளங்கோ ஒரு சாவியை நீட்டினார். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எங்கிட்ட வேணாம்ப்பா. நான் குடுத்துடுவேன்." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். இரண்டு சாவியையும் மாலதி தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டாள்.

தட்டு அட்டை இனிமேல் இஷ்டப்படி கேட்பதற்கு இல்லை. சுவரில் ஒரு நாளின் படங்களை வரிசையாக ஒட்டினேன். சூரியன், குளியல், விளையாட்டு, அதற்குப் பிறகு தட்டு. எதற்குப் பின் எது என்று அவனுக்குப் புரிய மாதங்கள் ஆகும். அது வரை கேட்பான், அது வரை மாலதி சொல்ல வேண்டும். 'இல்லை' என்ற ஒரு சொல். கோபமில்லாமல், மாற்றாமல், அடுக்களை வாசலில் நின்று.

மோட்டார் சைக்கிளில் பையை ஏற்றிக்கொண்டிருந்தார் இளங்கோ. நான் விடைபெறத் திரும்பினேன். அகிலன் சுவரருகே போய், வரிசையிலிருந்து தட்டு அட்டையைப் பிய்த்தான். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்ற அம்மாவிடம் ஆடி ஆடி நடந்து வந்து, அதை அவள் உள்ளங்கையில் வைத்தான். பிறகு கதவைப் பார்த்தபடி காத்திருந்தான். காத்திருக்கவும் நாங்கள் கற்றுக்கொடுத்திருந்தோம்.

மாலதி என்னைப் பார்த்தாள். அவள் உதடு இரண்டு முறை அசைந்து நின்றது. பிறகு அவன் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தாள்.

"இல்ல."

அந்த வாசலில் அவள் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அகிலன் அழவில்லை. அம்மாவின் கையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். தான் கொடுத்த விதத்தில்தான் ஏதோ தவறு என்று நினைத்தானோ என்னவோ, அட்டையை எடுத்து, சட்டையில் துடைத்து, படம் அவளுக்கு நேராகத் தெரியும்படி திருப்பி, அவள் கையில் இன்னொரு முறை ஒழுங்காக வைத்தான்.